வெயிலில் காய்ந்த போன்

காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பவர்கள் உண்டு. உள்ளங்கையைப் பார்ப்பவர்கள் உண்டு. போன கோடை முழுவதும் நான் என் அண்ணாவின் போனைத்தான் பார்த்தேன். பல் தேய்ப்பதற்கு முன்பே அதை எடுத்து, செட்டிங்ஸுக்குள் போய், பேட்டரி என்பதைத் தொட்டு, அதற்குள்ளே பேட்டரி ஹெல்த் என்பதைத் தொட்டால் ஒரு எண் வரும். பேட்டரி அதன் முழுத் தெம்பில் இன்னும் எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறது என்று சொல்லும் எண். புதுப் போனுக்கு அது நூறு. பழசாக ஆக இறங்கும். இறங்கியது ஏறாது.

சிரிக்க வேண்டாம். அண்ணா தனியாக வெளியே போவாரா, வீட்டோடு அடைந்து கிடப்பாரா என்பது அந்த எண்ணில்தான் இருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்த வங்காளிகள் ஊரில், டாலிகஞ்சில், மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும் தூரத்தில், மூன்றாவது மாடியில் எங்கள் ஃப்ளாட். அண்ணா வங்கி ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டு பேருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன், ஏன் என்று கேட்டுச் சொந்தக்காரர்கள் ஓய்ந்துபோய் வெகுகாலமாகிறது. அப்பா அற்பாயுசில் போய்விட்டார். அம்மாவையும் என்னையும் தம்பியையும் அண்ணாதான் கரை சேர்த்தார். இப்போது அம்மாவும் இல்லை, தம்பியும் இல்லை. தம்பியின் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள்.

அண்ணாவுக்கு மறதி. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற மறதி இல்லை, அது எனக்கும்தான் இருக்கிறது. டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரைந்து அதில் பத்தேகால் மணி காட்டச் சொன்னார். ஆயுசு முழுக்கப் பத்து மணிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்த மனுஷர், இரண்டு முள்ளையும் வட்டத்துக்கு வெளியே போட்டுவிட்டு, சரிதானே என்பது போல என் முகத்தைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

தினமும் என்ன செய்கிறார் என்று டாக்டர் கேட்டார். காலையில் லேக் மார்க்கெட் வரை போய்க் கறிவேப்பிலை வாங்கி வருகிறார் என்றேன். அது உண்மை. மெட்ரோ வாசலில் ஆட்டோ பிடித்து ராஷ்பிஹாரியில் இறங்கி, நம்மூர்ச் சாமான்கள் விற்கிற கடையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு அதே வழியில் திரும்பி வருவார். எங்கள் இரண்டு பேர் சமையலுக்குத் தினமும் எதற்கு ஒரு கொத்து? மிஞ்சுவதை, அண்ணி முறையாகப் பௌதி என்று நான் கூப்பிடும் கீழ் வீட்டுக்காரியிடம் கொடுப்பேன். அவர்கள் வங்காளிச் சமையலில் அதற்குப் பெரிதாக வேலை இல்லை. இருந்தாலும் மறுக்காமல் வாங்கிக்கொள்வாள்.

"போகட்டும்" என்றார் டாக்டர். "போவதை நிறுத்தினால் மளமளவென்று இறங்கிவிடுவார். ஆனால் அவர் எங்கே இருக்கிறார் என்று உங்களுக்கு எந்நேரமும் தெரிந்தாக வேண்டும். அது முடியாது என்றால் தனியாக அனுப்பாதீர்கள்."

அதற்காகத்தான் அந்தப் போன். தம்பி மகள் தன்னுடைய பழைய போனைப் பெரியப்பாவுக்கு அனுப்பி வைத்தாள். அவர் போகுமிடம் என் போனில் வரைபடத்தின் மேல் நீலப் புள்ளியாகத் தெரியும்படி செய்து கொடுத்தாள். அவர் படியிறங்கினால் புள்ளி இறங்கும். ஆட்டோ ஏறினால் புள்ளி ஓடும். அடுப்பில் ரசத்தை வைத்துக்கொண்டு ஒரு கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். புள்ளி திரும்பி எங்கள் சந்துக்குள் நுழைந்ததும் ரசத்தை இறக்குவேன்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஒரு நாள் எங்கள் சந்து முனையில், மிட்டாய்க் கடைப் பக்கத்தில் புள்ளி அணைந்துவிட்டது. இடம் கிடைக்கவில்லை என்று வந்தது. போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கும் பால்கனிக்கும் நடந்தேன். அவர் வழக்கமான நேரத்துக்குக் கறிவேப்பிலையோடு வந்து நின்றார்.

"போன் என்ன ஆச்சு?"

"தூங்கறது போல இருக்கு" என்றார்.

தம்பி மகளைக் கூப்பிட்டேன். அவள்தான் அந்த எண்ணைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தாள். தமிழை வங்காளி இழுவையில் பேசுவாள்.

"எய்ட்டி சிக்ஸா? அது ஓகே அத்தை. எய்ட்டிக்குக் கீழே போனாத்தான் சர்வீஸ் பண்ணுன்னு சொல்லும். பேட்டரி வீக்கா இருந்தா போன் டக்குனு ஆஃப் ஆயிடும்."

பிடித்துக்கொண்டேன். பேட்டரிதான் வில்லன் என்று முடிவு கட்டிவிட்டேன். கணக்கு டீச்சருக்கு ஒரு எண் கிடைத்தால் வேறென்ன வேண்டும். மறுநாளிலிருந்து காலை தரிசனம் ஆரம்பமானது. புள்ளியோ வாரத்தில் பாதி நாள் அதே மிட்டாய்க் கடைப் பக்கத்தில் அணைந்தது. எண் எண்பத்து நான்காயிற்று. எண்பத்தொன்றாயிற்று. மே மாத வெயில் மண்டையைப் பிளந்த சமயத்தில் எழுபத்தொன்பது என்று காட்டி, சர்வீஸ் என்றும் போட்டது. டாக்டர் அண்ணாவுக்குப் போட்ட மார்க்கும் அந்த மாதம் இறங்கியிருந்தது. இரண்டையும் சேர்த்து நினைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். நினைத்தேன்.

அண்ணாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "கார்த்தாலேர்ந்து அதை என்னத்துக்குப் போட்டு நோண்டிண்டிருக்கே?" என்பார். "சார்ஜ் செலவாறதோல்லியோ?"

"உன் நல்லதுக்குத்தான் நோண்டறேன். நீ காப்பியைக் குடி."

கடையில் கொடுத்துப் பேட்டரியையே மாற்றினேன். திரும்பி வந்த போனில் எண் நூறு. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்துக்குப் பாயசமே வைத்திருக்கலாம். மறுநாள் காலை அண்ணா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். புள்ளி படியிறங்கியது, சந்தில் நடந்தது, மிட்டாய்க் கடைப் பக்கத்தில் வந்து அணைந்தது.

நூறு வைத்திருக்கிற பேட்டரி எப்படி அணையும்? அதற்கு மறுநாள் அவர் இறங்கிய பின்னால் நானும் இறங்கினேன். புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, திருடி மாதிரி. இந்த வயதில் எனக்கு இதுவும் எழுதியிருக்கிறது என்று என்னையே திட்டிக்கொண்டு நடந்தேன்.

மிட்டாய்க் கடை ஓரம் அண்ணா நின்றார். பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, பக்கவாட்டில் இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்து, திரையில் விரலை வைத்து மெல்ல இழுத்தார். அது அணைந்தது. திருப்பிப் பார்த்து நிச்சயம் செய்துகொண்டார். அப்புறம் கைக்குட்டையை விரித்து, அதில் போனைச் சுற்றி மடித்து, உள்பைக்குள் வைத்துப் பையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடந்தார். என் பெயரே சில நாள் அவருக்கு வாயில் வருவதில்லை. இந்தக் காரியத்தில் ஒரு விரல் தவறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏன் அணைக்கறே? வேணும்னுதானே பண்றே? உனக்கு என்ன ஆச்சோ ஏதாச்சோன்னு நான் இங்கே செத்துண்டிருக்கேன்."

அவர் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே சொன்னார். "அனாவசியமா எதுக்கு எரிக்கணும்? இருக்கறதைப் பாத்துச் செலவு பண்ணணும்."

"நான் ராத்திரி மறுபடியும் சார்ஜ் போடுவேனே, அண்ணா."

"கரண்ட் இருந்தாத்தானே போடுவே?"

தலையில் அடித்துக்கொண்டேன். கரண்டுக்கு என்ன கேடு? எங்கள் பக்கம் மின்சாரம் போவதே அபூர்வம். போனாலும் நாலு நிமிஷத்தில் வந்துவிடும். வங்கிக்காரர் கஞ்சத்தனம், வயதானதும் முற்றிவிட்டது என்று நினைத்தேன்.

இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் கீழ் வீட்டுப் பௌதி மணியடித்தாள். அவள் மொட்டை மாடியில் பருப்பு வடாம் காயப் போட்டிருந்தாள். எடுக்கப் போன இடத்தில் இது இருந்தது, தீதி, என்று அக்கா முறை சொல்லிக் கையை நீட்டினாள். அண்ணாவின் போன். தொட்டால் அப்பளம் பொரிக்கலாம் போலச் சுட்டது. பல நாளாகவே மத்தியானத்தில் அங்கே இருக்கிறது, உங்கள் அண்ணா வந்து நடுநடுவே திருப்பிப் போட்டுவிட்டுப் போகிறார், எங்கள் வடாமோடு வடாமாகக் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன், இன்றைக்குக் கொதிக்கிறதே என்று எடுத்து வந்தேன் என்றாள்.

திருப்பிப் போடுகிறார் என்று கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது.

நாங்கள் முன்பு பெஹாலாவில் இருந்தோம். லோட்ஷெட்டிங் காலம். இந்த ஊரில் அப்போது இருந்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டாம். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஒரே அரிக்கேன் விளக்கு, அது அம்மாவின் சமையலுக்கு. எனக்கு அண்ணாவின் டார்ச் லைட். நான் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். முதல் தடவை கணக்குத் தாளில் கோட்டை விட்டு, மறுபடி எழுதக் காத்திருந்தேன். டார்ச்சைத் தலைகீழாகக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு அதன் கீழே உட்கார்ந்து கணக்குப் போடுவேன். காலையில் அதை அண்ணா ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போவார், இருட்டில் திரும்பி வரவேண்டுமே என்று. டார்ச்சுக்குள் இருக்கும் பேட்டரிக் கட்டையின் உயிர் போய்விட்டால் தூக்கிப் போடமாட்டோம். மொட்டை மாடியில் வெயிலில் காயப் போடுவோம். ஒரு பக்கம் காய்ந்ததும் திருப்பிப் போடுவோம். சாயங்காலம் எடுத்துப் போட்டால் இன்னும் கொஞ்ச நேரம் எரியும். எங்கள் தெருவில் எல்லா வீட்டு மாடியிலும் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் டார்ச் கட்டைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும்.

டிராம் ஸ்டாப்பிலிருந்து எங்கள் வீட்டுக்குச் சந்து வழியாக நடக்க வேண்டும். கும்மிருட்டு. ஓரத்தில் திறந்த சாக்கடை. அண்ணா டார்ச்சைப் போடாமலே நடந்து வருவார். ஒரு தரம் சாக்கடையில் விழுந்து, முழங்கால் தோல் பெயர்ந்து, சேறும் ரத்தமுமாக வந்து நின்றார். கையில் டார்ச் இருந்ததே, போட்டால் என்ன என்று அம்மா கத்தினாள். கண் பழகிடுத்தும்மா, எனக்கு வெளிச்சமே வேண்டாம் என்றார். நாங்களும் நம்பினோம்.

இப்போது போனை வெயிலில் வைக்கிறார். இந்தக் காலத்துப் பேட்டரிக்குச் சூடுதான் எமன் என்று தம்பி மகள் சொன்னாள். எண்பத்தாறு எழுபத்தொன்பதானது எப்படி என்று தெரிந்துவிட்டது. புதுப் பேட்டரியும் தொண்ணூற்றேழுக்கு வந்திருந்தது. அதற்கு உயிர் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு தினமும் கொஞ்சம் கொன்றுகொண்டிருந்தார்.

"பெரியப்பாவைத் தனியா அனுப்பாதே அத்தை" என்றாள் அவள். "புது மாடல்னா அணைச்சாலும் எங்கே இருக்குன்னு காட்டும். இது பழசு. அவர் ஆஃப் பண்ணினா அவ்வளவுதான்."

"நீ வந்து அவரை உள்ளே போட்டுப் பூட்டு, பாக்கலாம்."

அவள் போனை வைத்துவிட்டாள். நானும் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் காலையில் குளித்து, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டு, பையை உதறி எடுத்துக்கொண்டு, "என்னடி, வேற ஏதாவது வாங்கணுமா?" என்று கேட்கிறவரை என்ன சொல்லி நிறுத்துவது? நாள் முழுக்க அவர் முழு மனுஷராக இருப்பது அந்த நேரம் மட்டும்தான். நான் தினமும் சொன்னேன், அண்ணா, இப்போ கரண்ட் போறதில்லை, போனை அணைக்காதே. அப்படியா, சரி என்பார். மிட்டாய்க் கடைப் பக்கத்தில் புள்ளி அணையும்.

அது மழைக்காலத்தில் நடந்தது. காலையில் போனவர் சாப்பாட்டு நேரத்துக்கு வரவில்லை. ரசம் ஆறிப்போயிற்று. வெளியே சந்தில் கணுக்கால் தண்ணீர். நான் ஆட்டோ பிடித்து லேக் மார்க்கெட் போனேன். கறிவேப்பிலைக் கடைக்காரர் இன்றைக்கு அவர் வரவே இல்லையே என்றார். மார்க்கெட்டைச் சுற்றினேன். மெட்ரோ வாசலில் நின்று பார்த்தேன். பாலிகஞ்சில் அவருடைய பழைய வங்கிக் கிளை இருந்த தெருவுக்கும் போனேன். குடையெல்லாம் ஒரே கறுப்பாக இருந்தது. எந்தக் குடைக்குக் கீழே அவர் இருக்கிறார் என்று யாரைக் கேட்பது? போலீசுக்குப் போகலாம் என்று போனை எடுத்தபோது, வரைபடத்தில் புள்ளி வந்தது.

பெஹாலாவில்.

டாக்சியில் போகும்போது அந்தப் புள்ளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அணைந்துவிடாதே, அணைந்துவிடாதே என்று சொல்லிக்கொண்டே போனேன். டாக்சிக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொள்ளட்டும்.

பழைய டிராம் ஸ்டாப் இருந்த இடத்தில் ஒரு டீக்கடை. அங்கே டிராம் ஓடி எத்தனையோ வருஷமாகிறது. இப்போது தலைக்கு மேலே மெட்ரோ போகிறது. கடை பெஞ்சில் அண்ணா தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தார். வேட்டி முழங்காலுக்குக் கீழே கிழிந்து ரத்தமாக இருந்தது. ஒரு கையில் பை. பைக்குள் ஒன்றும் இல்லை. டீக்கடைக்கார அம்மா சொன்னாள்: வீட்டுக்குப் போகவேண்டும் என்கிறார், எந்த வீடு என்றால் அடுக்கு மாடி நிற்கிற இடத்தைக் காட்டுகிறார், இங்கேயே சுற்றிச் சுற்றி வந்து விழுந்துவிட்டார், கைக்குட்டையில் போனைப் பார்த்து நான்தான் பிடுங்கிப் பொத்தானை அழுத்தினேன், யாராவது கூப்பிடமாட்டார்களா என்று. அவளை நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அண்ணா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படிக் கோபத்தை நான் பார்த்ததில்லை.

"இவள் பிடுங்கி எரிய விட்டுட்டாடி. கார்த்தாலேர்ந்து அணைச்சு வெச்சுண்டு வந்தேன். எல்லாம் வீணாப் போச்சு." பெஞ்சில் எனக்கு இடம் விட்டு நகர்ந்தார். "பரீட்சைக்கு நாள் இல்லையே. இன்னிக்கு நீ எதை வெச்சுண்டு படிப்பே?"

நான் அவர் பக்கத்தில் ஈர பெஞ்சில் உட்கார்ந்தேன். கண் பழகிடுத்தும்மா என்று சொன்னாரே, அந்தச் சாக்கடைச் சந்து இருந்த இடத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷம் கழித்து, நடுத்தெருவில், மழையில் அழுதேன்.

அதற்குப் பிறகு அவரைத் தனியாக அனுப்பவில்லை. முதலில் நானும் கூடப் போனேன். நான் பக்கத்தில் நடந்தால் அவருக்கு எங்கே போகிறோம் என்பதே போய்விடுகிறது. என் பின்னாலேயே வருவார், எந்தக் கடையிலும் நிற்கமாட்டார். கொஞ்ச நாளில் அதுவும் வேண்டாம் என்றார். டாக்டர் சொன்னது பலித்துவிட்டது. துர்கா பூஜை வந்தது, எங்கள் சந்திலேயே பந்தல் போட்டார்கள், பார்க்க அவர் இறங்கவில்லை. பௌதி தட்டில் பிரசாதம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கறிவேப்பிலையை இப்போது நான் காய்கறி வண்டிக்காரனிடமே வாங்கிக்கொள்கிறேன்.

போன் அவரிடமேதான் இருக்கிறது. வரைபடத்தில் புள்ளி எங்கள் கட்டடத்தின் மேலேயே நிற்கிறது. நேற்று என்னவோ தோன்றி அந்த எண்ணை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தொண்ணூற்றேழுதான். இறங்கவில்லை. மாடிக்கு ஏறி வெயிலில் வைக்க அவரால் முடிவதில்லை.

சாயங்காலம் ஆனால் மட்டும் அவருக்கு ஒரு பரபரப்பு வரும். நான் விளக்கேற்றிவிட்டு வரும்போது போனைக் கைக்குட்டையிலிருந்து பிரித்து, உயிர்ப்பித்து, அதிலுள்ள டார்ச்சைப் போட்டு என்னிடம் நீட்டுவார். "நெறைய இருக்கு. உக்காரு."

எதிரே டியூப்லைட் எரியும். நான் போய் அதை அணைத்துவிட்டு உட்காருவேன். படிக்க ஏதாவது வேண்டுமே. நேற்று கைக்கு அகப்பட்டது அவருடைய மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற தாள். பொடி எழுத்து, இங்கிலீஷ். அவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். வெளிச்சம் நகர்ந்த பக்கம் தாளை நகர்த்திக்கொண்டேன். நான் வாய்விட்டுப் படித்தேன். எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, என்னென்ன தொந்தரவு வரலாம், இந்த மருந்து நோயைக் குணப்படுத்தாது என்பது வரைக்கும் படித்தேன்.

"நிறுத்தாதே, படி" என்றார் அண்ணா. "இந்தத் தடவை நீ பாஸ் பண்ணிடுவே."